உரல் போதுமா, கை கிரைண்டர் வேண்டுமா?

நுவரெலியா தம்பி:
வீட்டில் நல்ல கோப்பி போட மெஷின் தேவையில்லை. ஆனால் கையால் சுற்றுகிற சின்ன கிரைண்டர் கட்டாயம் வேண்டும். உரலில் இடித்தால் பாதி மாவாகும், பாதி குறுணையாக நிற்கும். மாவு கசப்பை இறக்கும். குறுணை சாரம் விடாமல் புளிக்கும். சீராக அரைத்த தூள் 15 கிராம், தண்ணீர் 250 மில்லி, ஒரு பிளாஸ்டிக் புனல், கடதாசி வடி. அவ்வளவுதான்.

லிந்துலை அக்கா:
தம்பி, இந்த மலைக்கு நம்ம ஆட்கள் முதலில் வந்ததே கோப்பிக்குத்தான். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்த பிறகுதான் தேயிலை மலையெல்லாம் பரவியது. லயத்துக்கு, அதுதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால் எங்களுக்கு இன்னும் நாலு கோப்பி மரம் நிற்கிறது. அம்மாயி இரும்புச் சட்டியில் கைவிடாமல் கிண்டி வறுப்பார். கொட்டை படபடவென்று வெடித்து ஓய்ந்ததும் சுளகில் கொட்டிப் புடைத்து ஆற்றுவார். இடித்துச் சலித்து, மேலே நின்ற குறுணை திரும்ப உரலுக்குப் போகும். குறை எங்கே இருக்கிறது?

நுவரெலியா தம்பி:
சலித்தால் குறுணைதான் போகும் அக்கா. மாவு அப்படியே தூளோடு இருக்கிறதே? கசப்பே அதில்தான்.

பண்டாரவளை:
இரண்டு பேருமே தண்ணீரை விட்டுவிட்டீர்கள். கொதித்த தண்ணீரை ஆறவிட்டு ஊற்று என்று வீடியோக்களில் சொல்வது கடலோரத்துக்குச் சரி. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் கொதிப்பதே 94 பாகையில்தான். ஆறவிட்டால் கோப்பி சப்பென்று போகும். கொதிக்கிற கேத்தலை எடுத்த கையோடு ஊற்றுங்கள். முதலில் தூள் நனையுமளவு, அது பொங்கி அடங்க அரை நிமிஷம், அப்புறம் மீதி.

லிந்துலை அக்கா:
தண்ணீர் விஷயம் சரி. மாவுக்கும் வழி இருக்கிறது. தேயிலை வடியில் குறுணையைப் பிரித்து, பிறகு மாச்சல்லடையில் மாவை இறக்கிவிடுங்கள். நடுவில் நிற்பதுதான் வடிக்கிற தூள். இறங்கிய மாவு வீணில்லை, மல்லியும் வேர்க்கொம்பும் போட்டுக் கொதிக்கவைக்கிற கோப்பிக்கு அதுதான் நல்லது.

நுவரெலியா தம்பி:
இன்று காலை அப்படியே செய்து பார்த்தேன். துணியில் வடித்தும் கசப்பு நன்றாகக் குறைந்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடிக்கவும் சலிக்கவும் அரைமணி நேரம் போய்விட்டது அக்கா. ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவனுக்கு கிரைண்டரைத்தான் இன்னமும் சொல்வேன்.