நிலாவெளி சவர்க் கிணத்துக்கு எந்தத் தண்ணி வடிகட்டி, ஆர்.ஓ.வா, யூ.எஃப்.ஆ? மெஷின் விக்க வந்த தம்பி ஒண்டேகால் லட்சம் சொல்லுறார்

கச்சான்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வீடு திருகோணமலை நிலாவெளியில, கடற்கரையில இருந்து ஒரு முந்நூறு யார் உள்ளுக்கு. மணல் தரை, பதினெட்டடிக் கிணறு. மாரியில தண்ணிக்கு ஒரு குறையும் சொல்லேலாது. கச்சான், அதான் கோடையில அடிக்கிற வரண்ட காத்து, அடிக்கத் தொடங்கினாப் பிறகுதான் கரைச்சல். சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு வேகாது, தேத்தண்ணி கறுத்து மேல எண்ணெய் விட்ட மாதிரி ஒரு ஆடை மினுங்கும். இவ்வளவு நாளும் குடிக்கிற தண்ணியை ரவுணில இருந்து கானில ஏத்திக்கொண்டு வாறனான். இப்ப மருமகள் பிள்ளைத்தாச்சி, கார்த்திகையில பிறக்கும். கானும் ஓட்டோவும் இனிச் சரிவராது எண்டு மனுசி சொல்லிப்போட்டா.

போன கிழமை தண்ணி மெஷின் விக்க ஒரு தம்பி வந்தார். கழுத்தில அட்டை, கையில பெட்டி. ரெண்டு கிளாஸ் கேட்டு, ஒண்டில எங்கட கிணத்துத் தண்ணியும் மற்றதில தான் கொண்டுவந்த போத்தல் தண்ணியும் ஊத்தினார். கம்பி பூட்டின ஒரு சாமானை ரெண்டுக்குள்ளயும் இறக்கிப் பிளக்கைப் போட்டார். ஒரு நிமிசம் ஆகேல்ல, எங்கட தண்ணி மஞ்சளாகி, மண்ணிறமாகி, பச்சைக் கசடு திரண்டு மிதக்குது. அவற்ற கிளாஸ் அப்பிடியே பளிங்கு. "ஐயா, இதைத்தான் இவ்வளவு காலமும் குடிச்சிருக்கிறியள்" எண்டார். மனுசி அண்டு பின்னேரம் தேத்தண்ணியே தொடேல்ல.

அவற்ற மெஷின் ஏழு கட்டம், ஒண்டேகால் லட்சம். ரவுணில ஒரு கடையில யூ.எஃப். எண்டு பதினெட்டாயிரத்துக்கு ஒண்டு கிடக்கு, கரண்டும் வேண்டாமாம். எதை எடுக்கிறது? கொதிக்க வைச்சுக் குடிச்சாப் போதாதோ? உள்நாட்டில பதவி சிறிபுரப் பக்கம் எங்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு பேருக்குக் கிட்னி வருத்தம், அந்தப் பயமும் இருக்கு.

உவர்மலையான்:

அண்ணை, பேரில உவர் இருந்தாலும் எங்கட மலையில பைப் தண்ணிதான், கந்தளாய்க் குளத்தில இருந்து வாறது. நான் விசர்த்தனமா இதுக்கு ஒரு ஆர்.ஓ. பூட்டினன். டிடிஎஸ், அதான் தண்ணியில கரைஞ்சு கிடக்கிற உப்புகளின்ர அளவு, 12 காட்டினோடன பெரிய சந்தோசம். குடிச்சுப் பாத்தா செத்த தண்ணி மாதிரிக் கிடக்கு. ஒரு லீட்டர் வர மூண்டு லீட்டர் ஓடையில போகுது, மீட்டரில பில்லும் ஏறுது. கடைசியில கழட்டிக் குடுத்துப்போட்டு ஒரு யூ.எஃப். வைச்சன். எனக்குப் பிரச்சினை தண்ணியில இருக்கேல்ல, நாலு வருசமாக் கழுவாத மேல்தாங்கியில இருந்தது. உள்ளுக்கு இறங்கின பொடியன் ஒரு வாளி சேறு அள்ளினவன். ஆனா நிலாவெளிக் கிணத்துக்கு என்ர கதை பொருந்தாது.

அலஸ்தோட்டத்தான்:

ஐயா, உப்புவெளி, நிலாவெளியில கெஸ்ட் ஹவுஸ் வழிய பத்து வருசமா இந்த மெஷினுகளைத்தான் கழட்டிப் பூட்டுறன். நான் மெஷின் விக்கிறதில்லை, அதால பயமில்லாமக் கேளுங்கோ.

முதல் அந்தக் கம்பி வித்தை. உங்கட தண்ணியில உப்பிருக்கு, கரண்ட் ஓடும். ஓடினா இரும்புக் கம்பி கரைஞ்சு கறளாத் திரளும். நீங்கள் கண்ட நிறம் முழுக்கக் கம்பியில இருந்து வந்தது. அவற்ற போத்தல் தண்ணியில உப்பில்லை, கரண்ட் ஓடேல்ல, கம்பி கரையேல்ல, அவ்வளவுதான். அதில ஒரு சிட்டிகை கறியுப்புப் போட்டிருந்தா அதுவும் அதே நிறத்துக்கு வந்திருக்கும். கிருமி இருக்கோ, மலக்குழியில இருந்து வாற நைத்திரேற் இருக்கோ எண்டு அந்தக் கம்பிக்குத் தெரியாது.

இப்ப மெம்பிரேன், அதான் மெஷினுக்குள்ள தண்ணியை வடிக்கிற மெல்லிய சவ்வு. யூ.எஃப்.இல இருக்கிற துளை ஏறக்குறைய 0.01 மைக்ரோன். ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சமாப் பிரிச்சா அதில ஒரு பங்கு. பற்றீரியா அதைவிட நூறு மடங்கு பெரிசு, உள்ள போகாது. வைரசிலயும் பெரும்பகுதி நிண்டிடும். ஆனா கரைஞ்ச உப்பு, சுண்ணாம்பு, நைத்திரேற், புளோரைட்டு எல்லாம் கதவு திறந்த மாதிரிப் போகும். பதினஞ்சடி உயரத்தாங்கி தாற அரை பார் அமுக்கமே அதுக்குக் காணும், அதாலதான் கரண்ட் வேண்டாம். ஆர்.ஓ. அப்பிடியில்லை. ஒரு சின்னப் பம்ப் நாலஞ்சு பாரில தள்ளினாத்தான் தண்ணி வரும், வாற தண்ணியில உப்பு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல நிண்டிடும். ரெண்டுக்கும் நடுவில நனோ எண்டு ஒண்டு இருக்கு. சுண்ணாம்பை நிப்பாட்டும், கறியுப்பைப் பாதிக்கு விட்டிடும். சுண்ணாம்பு மட்டும் கூடின உள்நாட்டுக் கிணத்துக்கு அது நல்லது, கடற்கரைக்குச் சரிவராது.

கொதிக்க வைக்கிறது கிருமிக்கு மருந்து. உப்புக்கு எதிர்வேலை: தண்ணி வத்தும், உப்பு மிஞ்சும். பதவி சிறிபுரக் கிட்னி வருத்தத்துக்கு இன்னதுதான் காரணம் எண்டு இன்னும் முடிவாகேல்ல. அந்தப் பக்கம் கடினத் தண்ணியும் புளோரைட்டும் எண்டு வேற கதை. உங்கட மணல் கிணத்துக்கு முதல் சந்தேகம் கடலும் மலசலகூடக் குழியும்.

ஆனபடியா மெஷினை விடுங்கோ, தண்ணியைச் சோதிப்பியுங்கோ. நீர் வழங்கல் சபை ஆய்வுகூடத்தில காசு கட்டிக் குடுக்கலாம். கிருமிக்கு அவை தாற போத்தல்ல எடுத்து, ஐஸில வைச்சு, அண்டைக்கே குடுக்கவேணும். இப்ப, கச்சான் நேரத்திலயே எடுங்கோ. தை மாசத் தண்ணியைக் குடுத்து ரிப்போர்ட் எடுத்தா உப்பில எந்தக் கிணறும் பாஸ்தான்.

போன வருசம் ஒரு கெஸ்ட் ஹவுஸில தண்ணி சொட்டுச் சொட்டா வருது எண்டு கூப்பிட்டவை. கழட்டின ஆர்.ஓ. மெம்பிரேன் பாரமாக் கிடந்தது. வாளால அறுத்துப் பாயை விரிக்கிற மாதிரி விரிச்சன். உள்ளுக்குத் தாள் தாளாச் சுத்தின பிளாஸ்டிக்தான், ஆனா வெளி விளிம்பில கை வைச்சா மண்தாள் மாதிரி உரஞ்சுது. அரைத் தேசிக்காய் பிழிஞ்சு விட்டன், நுரைச்சுக்கொண்டு வந்திச்சு. தனிச் சுண்ணாம்பு. ஏன் எண்டு பாத்தா, "தண்ணி வீணாப்போகுது" எண்டு முதலாளி கழிவுக் குழாயை நெரிச்சு வைச்சிருக்கிறார். கழிவுத் தண்ணிதான் மெம்பிரேனைக் கழுவிக்கொண்டு போறது. அதை நெரிச்சா வருசம் தாங்காது.

(இந்த மெம்பிரேனை முதன்முதல் சரிவரச் செய்த ரெண்டு பேரில ஒருத்தர் இந்தியாவில பிறந்த சௌரிராஜன், மற்றவர் லோப். 1950களின்ர கடைசியில அமெரிக்காவில. சௌரிராஜன் எண்டது திருக்கண்ணபுரத்துப் பெருமாள்ட பேர். மெம்பிரேன் மாத்தேக்க எனக்கு இது ஞாபகம் வரும்.)

மிஸ்_மட்டிக்களி:

மெஷின் பற்றி எனக்குத் தெரியாது, பிள்ளையைப் பற்றிச் சொல்லுறன். ஐயா, ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும். தண்ணி ஒரு கரண்டியும் வேண்டாம். ஏதும் காரணத்தால பால்மா கரைக்க வேண்டி வந்தா, எந்த மெஷின் தண்ணியா இருந்தாலும் கொதிக்க வைச்சு, 70 பாகைக்குக் குறையாத சூட்டில கரைச்சு, ஆறவிட்டுக் குடுக்கவேணும். நைத்திரேற் கூடின கிணத்துத் தண்ணியில மட்டும் மா கரைக்கவே கூடாது, குழந்தை நீலம் பாரிச்சுப் போகும். மருமகளுக்கும் அவவின்ர அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கோ, மெஷினைக் கண்டா ஆக்கள் கொதிக்க வைக்கிறதை விட்டிடுவினம்.

கும்புறுப்பிட்டி_மாஸ்டர்:

தம்பி, நான் சுனாமி கண்ட ஆள். கடல் புகுந்த கிணறுகளைச் சுத்தமாக்கிறம் எண்டு பெரிய பம்ப் பூட்டி நாள் முழுக்க இறைச்சவை. இறைக்க இறைக்க உப்புத்தான் கூடிச்சு. மணலுக்க நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது, பாலுக்கு மேல ஆடை மாதிரி. கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டாக் கீழ நாப்பதடிக்கு இருக்கும் எண்டு கணக்கு. மேல ஒரு அடி இறக்கினாக் கீழ உப்பு எவ்வளவு எழும்பும் எண்டு நீரே யோசியும். அந்தக் கிணறுகளை அடுத்தடுத்த மாரி மழைதான் கழுவினது.

உம்மட மோட்டர்க் குழாயின்ர அடி நுனி கிணத்தின்ர அடியிலதானே கிடக்கு? அதை மேல தூக்கிக் கட்டும். ஒரேயடியா இறைக்காம காலமையும் பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமா எடும்.

இன்னொண்டு. வருசா வருசம் ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வானம் நல்ல தண்ணியை உம்மட கூரையில கொட்டுது, நீர் அதைப் பீலியால ரோட்டுக்கு விடுறீர். 100 சதுர மீட்டர் கூரையில 1 மில்லிமீட்டர் பெய்ஞ்சா 100 லீட்டர். 50 மில்லிமீட்டர் மழை ஒண்டு 5,000 லீட்டர்த் தாங்கியை நிரப்பும். ஒண்டேகால் லட்சத்தைக் குடுக்க முதல் இதையும் யோசியும்.

கச்சான்காத்து:

மூண்டு கிழமை கழிச்சு வாறன், மன்னியுங்கோ. ரிப்போர்ட் வந்திட்டுது. அடைப்புக்குறிக்குள்ள குடிதண்ணிக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614 சொல்லுற எல்லை, எல்லாம் லீட்டருக்கு மில்லிகிராமில. டிடிஎஸ் 1,180 (500). குளோரைட்டு 480 (250). கடினம் 410 (250). நைத்திரேற் 31 (50). புளோரைட்டு 0.4 (1.0). ஈ.கோலை, அதான் மலத்தில இருந்து வாற கிருமி, இருக்கு. அது ஒண்டும் இருக்கப்படாதாம்.

மாஸ்டர் சொன்ன மாதிரிக் குழாயை மூண்டடி தூக்கிக் கட்டினன். பத்து நாளில தேத்தண்ணி ஆடை கொஞ்சம் மெலிஞ்ச மாதிரிக் கிடக்கு. மனுசி நம்புறா இல்லை.

அலஸ்தோட்டம் தம்பி, இதுக்கு ஆர்.ஓ.தானே?

அலஸ்தோட்டத்தான்:

ஓம் ஐயா, இந்தக் கணக்குக்கு யூ.எஃப். மட்டும் வைச்சாக் கிருமியில்லாத சவர்த்தண்ணிதான் குடிப்பியள். 1,180 இருந்தா ஆர்.ஓ.வில நூறுக்குக் கீழ வரும்.

ஏழு கட்டம், ஒன்பது கட்டம் எண்டதை விடுங்கோ. மண் பிடிக்க ஒரு 5 மைக்ரோன் பில்டர், பிறகு கரி, பிறகு மெம்பிரேன், கடைசியில கிருமி கொல்லுற ஒரு யூ.வி. லைட். 75 கலன் மெம்பிரேன் காணும். கடதாசியில அது நாளுக்கு 284 லீட்டர். உங்கட உப்புக்கு அவ்வளவு வராது, ஆனா அஞ்சு பேருக்குக் குடிக்க, சமைக்க 20 லீட்டர் ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில வந்திடும். கிணத்துக்குக் குளோரின் போட்டு இறைக்கிற நாள்ல மெஷினை நிப்பாட்டுங்கோ. மெம்பிரேனுக்குக் குளோரின் நஞ்சு, கரி பில்டர் பழசாப்போனா மறிக்காது. கறுப்புத் தாங்கியில மத்தியானம் கொதிக்கிற தண்ணியையும் விடாதீங்கோ, காலமை ஓடவிடுங்கோ.

வாங்கேக்க ஒரு சின்ன முறுக்கி பாருங்கோ, "டிடிஎஸ் கொன்ட்ரோலர்" எண்டுவினம். ருசிக்கு எண்டு மெம்பிரேனுக்குப் போகாத தண்ணியைக் கொஞ்சம் கலக்கிற வால்வ். ஈ.கோலை இருக்கிற கிணத்தில அது வேண்டவே வேண்டாம், இறுக்கிப் பூட்டச் சொல்லுங்கோ.

கழிவுத் தண்ணி. 20 லீட்டருக்கு ஒரு 60 லீட்டர் வரும். கிணத்தடியில விட்டா மணலால இறங்கித் திருப்பிக் கிணத்துக்கத்தான் வரும், முந்தினதைவிட உப்பா. நான் ஒருக்கா யோசியாம ஒரு வீட்டில தேசிமரத்தடிக்கு விட்டுப்போட்டன். இலை விளிம்பு கருகி, ஓரத்தில இருந்து உள்ளுக்கு மண்ணிறம் ஏறி, ரெண்டு மாசத்தில மரம் நிண்டபடி செத்துது. அந்த அம்மா இண்டைக்கும் என்னோட கதைக்கிறா இல்லை. கக்கூசுக்கு, முத்தம் கழுவ எண்டு ஒரு பீப்பாவில பிடியுங்கோ. மிஞ்சினாத் தென்னைக்கு, அது தாங்கும்.

மாஸ்டர்ட மழைத்தாங்கிக்கு நான் எதிரில்லை, உண்மையில அதுதான் ருசியான தண்ணி. அதுக்கு யூ.எஃப். காணும். ஆனா மாரியில மழைத்தண்ணி, கச்சானுக்கு ஆர்.ஓ. எண்டு பிரிச்சு வைச்சீங்கள் எண்டா, சும்மா கிடக்கிற மெம்பிரேனுக்குள்ள பூஞ்சும் கிருமியும் பிடிக்கும். அந்த நாலு மாசமும் நாளுக்குப் பத்து நிமிசமாவது ஓடவிடவேணும்.

கச்சான்காத்து:

நன்றி தம்பி, மாஸ்டர், மிஸ். சின்ன ஆர்.ஓ. ஒண்டு சொல்லிப்போட்டன், நாலு கட்டம்தான், அந்தத் தம்பி சொன்னதில பாதிக் காசும் வரேல்ல. வால்வைப் பூட்டச் சொன்னன், "ருசி இருக்காது ஐயா" எண்டாங்கள். இருக்கட்டும் எண்டன்.

கம்பிக்காரத் தம்பி முந்தாநாள் போன் எடுத்தார். "வாங்கோ, சாமானையும் கொண்டு வாங்கோ, இந்த முறை உங்கட போத்தல் தண்ணியில நான் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுத் தாறன்" எண்டன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஐயா ஆர் சொன்னது?" எண்டு கேட்டார்.

மழைத்தாங்கியை மனுசி விடுறா இல்லை, மழைக்கு முதல் வேணுமாம். நிலாவெளி, கோபாலபுரம் பக்கம் ஆரிட்டையும் பாவிச்ச 5,000 லீட்டர்த் தாங்கி வெடிப்பில்லாம இருந்தா இங்க எழுதிப்போடுங்கோ. பழைய பீலியும் ஒரு முப்பதடி வேணும்.