புதுப்பிப்பு: பட்டாவிலிருந்து கொள்ளுத்தாத்தா வரை

குடும்ப வரலாறு தேட இன்றைய பட்டாவில் தொடங்கி, அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) எடுக்கச் சொல்லியிருந்தேன். அது போதாது. 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் புல எண்கள் மாறின. புது எண்ணை வைத்துப் பழைய பதிவுகளைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. முதலில் ஊர் நிலங்களின் விவரம் உள்ள வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் பழைய புல எண்ணைப் பாருங்கள். 1975க்கு முந்தைய வில்லங்கத்துக்குப் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட மனுக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஊர் எந்த அலுவலகத்தில் இருந்தது என்றும் கேளுங்கள்.

கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் புதையல். அண்ணன் தம்பி அத்தனை பேரும், தகப்பன் பெயர், வயதோடு வரிசையாக இருப்பார்கள். பத்திரம் எழுதிய ஆண்டிலிருந்து வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிடலாம். ஆனால் உத்தேச வயதுதான், சில வருடம் முன்பின் விடுங்கள்.

பெண்கள்தான் விடுபட்டுப் போகிறார்கள். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989இல்தான் வந்தது. அத்தைகளின் பெயருக்கு, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரங்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் மொய் நோட்டையும் பாருங்கள்.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வீடுகளில் இரண்டு தலைமுறை ஒன்றாகிவிடும். பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்தே குறியுங்கள்.