பழைய கடிதத்தில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் "யரு" என்று இருக்கிறது, யாருக்காவது புரிகிறதா?

பழையபெட்டி:
அப்பா போன பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டியில் 14 கடிதங்கள் கிடைத்தன. எல்லாமே தாத்தாவின் தம்பி ரங்கூனிலிருந்து தாத்தாவுக்கு எழுதியவை. சின்னத் தாத்தா பர்மா போனார், திரும்பி வரவில்லை, எங்கள் வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான். வம்சாவளிப் படத்தில் அவர் பெயருக்குக் கீழே வெறும் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

கடைசிக் கடிதம் என்று நான் நினைப்பதில் ஆங்கிலத் தேதி இல்லை. உறையிலிருந்து தபால்தலையை யாரோ கத்தரித்து எடுத்திருக்கிறார்கள் (நானாகவே இருக்கலாம், சின்ன வயதில் அந்தப் பைத்தியம் இருந்தது), அதோடு முத்திரையும் போச்சு. கடிதத்தின் மேலே பிள்ளையார் சுழி, கீழே "விஷு", பக்கத்தில் ஒரு கிறுக்கல், "மார்கழி", இன்னொரு கிறுக்கல், அப்புறம் "யரு". "யாரு" என்பதில் காலை விட்டுவிட்டாரோ என்று பார்த்தால் வாக்கியம் ஒட்டவில்லை. உள்ளே ஓரிடத்தில் "சௌ. சின்னவளையும் அழைத்துக்கொண்டு நடந்தாவது வந்து சேர உத்தேசம்" என்கிறார். யார் இந்தச் சின்னவள்? அவருக்கு மகள் இருந்தாளா?

ஏட்டுச்சுரைக்காய்:
யரு என்பது 15. தமிழ் எண்ணில் ௰ பத்து, ௫ ஐந்து. கையெழுத்தில் அவை ய, ரு மாதிரியேதான் இருக்கும். அந்தக் கிறுக்கல்கள் ௵, ௴, அதாவது வருடம், மாதம். யருவுக்குப் பின்னாலும் ஒரு சுழி இருக்க வேண்டுமே, ௳, அது நாள். நடுவில் எங்காவது ௸ வந்தால் "மேற்படி" என்று படியுங்கள், முன்னால் சொன்ன அதே ஆள். நான் அதைப் புது ஆளின் தலைப்பெழுத்து என்று நினைத்து இல்லாத ஒரு பெரியப்பாவை இரண்டு வருடம் தேடியிருக்கிறேன்.

விஷு என்கிற தமிழ் வருடம் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1881, 1941, 2001. உங்கள் சின்னத் தாத்தா என்றால் 1941தான். மார்கழி 15 டிசம்பர் கடைசியில் விழும். ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டது அந்த டிசம்பர் 23, 25 தேதிகளில். "நடந்தாவது" என்று எழுதியவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடுமாக நடந்து வந்தார்கள், வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம்.

கறார்:
மேலே சொன்ன கணக்கு சரி, ஆனால் மற்ற கடிதங்களுக்கு அதை அப்படியே போட்டுவிடாதீர்கள். தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. அதே விஷு வருடத்துத் தை மாதக் கடிதம் என்றால் அது 1942. இணையத்தில் கிடைக்கும் அட்டவணையில் "விஷு = 1941" என்று மட்டும் போட்டிருப்பார்கள், அதை நம்பினால் தை, மாசி, பங்குனி எல்லாம் ஒரு வருடம் முன்னால் போய்விடும்.

அப்புறம், சின்னவள் மகளாக இருக்க வாய்ப்பு குறைவு, அதுவும் சின்னப் பெண்ணாக. "சௌ." என்பது சௌபாக்கியவதி, கணவனோடு வாழ்கிற பெண்ணுக்குப் போடுவது. சின்னப் பெண் என்றால் "சிரஞ்சீவி" என்றோ "சி." என்றோதான் எழுதியிருப்பார். என்னிடம் உள்ள கடிதக் கட்டில் ஒரு பாட்டியின் பெயருக்கு முன் இருந்த சௌ. ஒரு கட்டத்துக்கு மேல் காணாமல் போகிறது. தாத்தா இறந்த வருடத்தை அதை வைத்துத்தான் நெருங்கினேன். மற்ற கடிதங்களில் "வீட்டில்" என்று எழுதுகிறாரா பாருங்கள். மனைவியைப் பெயர் சொல்லாமல் அப்படித்தான் குறிப்பிடுவார்கள்.

பழையபெட்டி:
௳ இருக்கிறது! இத்தனை நாள் அதை மைக்கறை என்று நினைத்திருந்தேன்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து 14 கடிதத்தையும் வரிசைப்படுத்தினேன். பிரமாதி வருடம் ஆவணியில், அதாவது 1939இல், "ஊரில் வீட்டில் சௌக்கியந்தானே, இங்கே சின்னவளுக்குக் காய்ச்சல் தேவலை" என்று எழுதியிருக்கிறார். அவர் மனைவி ஊரில் எங்கள் தாத்தா வீட்டிலேயேதான் இருந்தார், நான் பார்த்திருக்கிறேன். கடைசிவரை நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார், சாவுச் செய்தி வரவில்லையே, எப்படி எடுக்கச் சொல்வது என்று அம்மா சொல்வாள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதங்கள் ஏன் பரணுக்குப் போயின என்று இப்போது தோன்றுகிறது. தாத்தாவிடம் கேட்க முடியாது.

படத்தில் பக்கவாட்டில் பென்சிலால் இன்னொரு கோடு இழுத்திருக்கிறேன். பெயர்தான் இல்லை.

கறார்:
பென்சிலே இருக்கட்டும். இரண்டாவது தாரமாக இருக்கலாம், கூட இருந்த உறவுக்காரர் யாருடைய மனைவியாகவும் இருக்கலாம். பெயரைக் கடிதத்தில் எழுதியிருக்க மாட்டார். உறையின் பின்பக்கம் அனுப்பியவர் விலாசத்தில் "மே/பா" (ஆங்கிலத்தில் c/o) என்று ஒரு பெயர் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் வீட்டில் தங்கியிருந்தார் என்பது தெரிந்தாலே பாதிக் கிணறு.

பழையபெட்டி:
மே/பா இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறது, பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டிய மாதிரி. முதல் இரண்டு எழுத்துதான் தெரிகிறது. ஆவி காட்டிப் பிரிக்கலாமா?

ஏட்டுச்சுரைக்காய்:
ஐயையோ வேண்டாம்! அது போர்க்காலத் தணிக்கைப் பட்டை, தேதிக்கு அதுவே இன்னொரு சாட்சி. ஆவி பட்டால் மை ஊறிப் பெயரும் போய்விடும். உறைக்குள் கைபேசி வெளிச்சத்தை வைத்து வெளியிலிருந்து படமெடுத்துப் போடுங்கள், உட்பக்கத்தையும் கண்ணாடியில் காட்டி ஒரு படம். லேமினேட் செய்கிறேன் என்று கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள்.