இரண்டு சூரியன் இருந்தால் பொங்கல் எந்தச் சூரியனுக்கு?

இந்தக் கேள்வியில் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். அக்கா பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு சூரியன் உள்ள ஆல்பா செண்டாரி என்ற இரட்டை விண்மீனில் பூமி மாதிரியே ஒரு கிரகம், பேர் இருகதிர், கடல் உண்டு, தென்னை உண்டு. அங்கே ஒரு பாட்டி, இரண்டு சூரியனும் பெரிய தாம்பாளமும் சின்னத் தாம்பாளமுமாகச் சேர்ந்து உதித்தால்தான் பொங்கல் பானையை இறக்குவாள், அதுவும் தினமும்! எழுதும்போது பிரமாதமாக இருந்தது.

ஒரு மே மாதம் கன்னியாகுமரி போனபோது, தெரிந்த அண்ணன் ஒருவர் தன் 4 அங்குல டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இரவு பதினொரு மணி இருக்கும், தெற்கே கடலுக்கு மேலே பக்கத்துப் பக்கத்தில் பளிச்சென்று இரண்டு நட்சத்திரம். "அண்ணே, அதுதானே ரெண்டு சூரியன்?" என்றேன். சிரித்துவிட்டார். வலது பக்கம் இருப்பது பீட்டா செண்டாரி என்ற வேறு நட்சத்திரமாம், அது எங்கேயோ 390 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. நம்ம ஆள் ஆல்பா செண்டாரி இடது பக்கம், வெறும் 4.37 ஒளியாண்டு. வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளிதான். டெலஸ்கோப்பில் பார்த்தால், ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடக்கிற இரண்டு கடுகு மாதிரி ஒட்டியும் ஒட்டாமலும் ஆடிக்கொண்டிருந்தன, ஒன்று கொஞ்சம் மங்கல்.

அப்புறம் கதையைச் சொன்னேன், அங்கேதான் மாட்டினேன். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 வருஷம், கிட்ட வரும்போது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல 11 மடங்கு, விலகும்போது 35 மடங்கு. கிரகம் பெரியதைச் சுற்றினால் சின்னது தாம்பாளமாகத் தெரியவே தெரியாது, வெல்டிங் பொறி மாதிரி ஒரு புள்ளி, ஆனால் கிட்ட இருக்கும்போது நம் பௌர்ணமி நிலவைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் வெளிச்சம். வருஷத்தில் பாதி அது பகலில் கிடக்கும், மீதிப் பாதி ராத்திரியில் வந்து நிற்கும், அந்த மாதங்களில் இருட்டு என்பதே பேருக்குத்தான். இரண்டும் சேர்ந்து உதிப்பது வருஷத்துக்கு ஒரு தடவை.

"அன்னைக்குப் பொங்கல் வச்சிடேன்டா" என்றார் சாதாரணமாக. எனக்கு வேறொன்றும் தோன்றியது: பாட்டி பிறந்தபோது கிட்ட இருந்த சின்னச் சூரியன், அவளுடைய நாற்பதில் பத்தில் ஒரு பங்காக மங்கி, எண்பதில் பழையபடி திரும்பி வருகிறது. அங்கே சதாபிஷேகத்துக்கு ஆயிரம் பிறை எண்ணவே வேண்டாம். கதையை முழுக்க மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், பிள்ளைகள்தான் அதற்குள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு: நான் புதுச்சேரிக்காரன். அந்தப் புள்ளி ஒன்றல்ல, இரண்டு என்று 1689 டிசம்பரில் முதலில் கண்டது எங்கள் ஊரிலிருந்துதான், வால்நட்சத்திரம் பார்க்கப்போன ழான் ரிஷோ என்ற பாதிரியார். இது எனக்கே முப்பது வயதுக்குமேல்தான் தெரியும், பள்ளியில் ஒருத்தரும் சொல்லவில்லை. இல்லாத கிரகமும் நமக்குப் புதிதில்லை: 1855-ல் சென்னை வானாய்வகத்து கேப்டன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்ற இன்னொரு இரட்டை விண்மீனில் கிரகம் இருக்கக்கூடும் என்று எழுதினார், பிற்பாடு அது நிற்கவில்லை. ஆல்பா செண்டாரி பி, அதாவது உங்கள் சின்னச் சூரியனைச் சுற்றி 2012-ல் அறிவித்த கிரகமும் 2015-ல் கரைந்துபோனது. உங்கள் இருகதிர் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறது.

பாதிரியார் பார்த்த மாதிரியே பார்க்கலாம் என்று போன டிசம்பரில் விடிகாலை ஐந்தரைக்கு மாடிக்குப் போனேன். அந்த நேரத்தில் ஆல்பா செண்டாரி ரொம்பத் தாழ்வாக, தென்கிழக்கில் இருக்கும். முதல் நாள் மேகம், இரண்டாம் நாள் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க். மூன்றாம் நாள் டேங்குக்கும் தென்னை மட்டைக்கும் நடுவே வந்தது, பைனாகுலரை எடுத்து வருவதற்குள் வானம் வெளுத்துவிட்டது.