அக்கா சம்பாதிக்கிறாள், மச்சான் ஜீவனாம்சம் கேட்கிறார்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அக்கா 11 வருடமாக மஸ்கட்டில் நர்ஸ். மச்சான் செல்போன் கடையை மூடிவிட்டு ஊரில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். இப்போது பாலக்காடு குடும்பக் கோர்ட்டில் விவாகரத்து வழக்கு. மச்சான் மாதம் 20 ஆயிரமும் மொத்தமாக 15 லட்சமும் கேட்கிறார். ஆம்பளைக்கு ஜீவனாம்சமா? சிரிப்புத்தான் வருகிறது.

சித்தூர் குமாஸ்தா:
சிரிக்காதீர்கள் தம்பி. 1955 இந்து திருமணச் சட்டத்தில் கணவனும் கேட்கலாம். 24ஆம் பிரிவு வழக்கு நடக்கிற வரைக்கும், 25 நிரந்தரமாக. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்திருந்தால் மனைவி மட்டும்தான் கேட்க முடியும். ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்காது. கைகால் நன்றாக இருக்கிற ஆள் வேலை இல்லை என்றால், ‘ஏன் இல்லை?’ என்ற கேள்வி வரும். இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாம் அஃபிடவிட்டில் காட்ட வேண்டும். 2020இல் சுப்ரீம் கோர்ட் வகுத்த முறை.

வேலந்தாவளம் ராணி:
விடியற்காலை எழுந்து டிபன் கட்டி, தலை வாரி, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை இதைக் கேட்டால் யாராவது சிரிப்பீர்களா? கடையை மூடச் சொன்னது யார்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இரண்டு பேரும் பேசித்தான் மூடினார்கள்.

ராணி:
அப்புறம் என்ன?

கோபாலபுரம் செக்போஸ்ட்:
ராணி அக்கா, அவர் பாடுபட்டது சரி. பாலைவனத்தில் நைட் டியூட்டி பார்த்தவள் பாடு? அனுப்பின பணம் எங்கே போச்சு? வீடு யார் பேரில்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மச்சானுடைய அப்பா பேரில் உள்ள 8 சென்டில் கட்டினது. பணம் முழுக்க அக்காவுடையது. வில்லேஜ் ஆபீஸில் கரம் (நிலவரி) கட்டுகிற ரசீதும் அந்த அப்பா பேரில்தான்.

சித்தூர் குமாஸ்தா:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! கல்யாணத்துக்கு அப்புறம் சேர்ந்த சொத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்கிற சட்டம், கோவா மாதிரி ஓரிரு இடங்கள் தவிர, நம் நாட்டில் இல்லை. பத்திரத்தில் யார் பேரோ, அவர் பக்கம்தான் பலம். என் காசில் கட்டினது என்று அக்காதான் நிரூபிக்க வேண்டும். பாங்க் ஸ்டேட்மெண்ட், வாட்ஸ்அப், கம்பி சிமெண்ட் பில், எதையும் தூக்கிப் போடாதீர்கள். கல்யாண நகை தனிக்கணக்கு, அது ஸ்திரீதனம், அதாவது பெண்ணுக்கே சொந்தமான சொத்து. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில், 89 பவுனுக்குப் பதிலாக மனைவிக்கு 25 லட்சம் கொடுக்கச் சொல்லி 2024இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

ராணி:
வீடு மாமனார் பேரிலா? அப்படியென்றால் அந்த மனிதனுக்கும் சொந்தமாக ஒரு செங்கல் இல்லை. கடையும் போச்சு. 15 லட்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒன்றுமே கிடையாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செக்போஸ்ட்:
வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு மாதாமாதம் பணமும் கட்டணுமா? நல்லா இருக்கே நியாயம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நேற்று அக்காவின் பீரோவில் ஒரு நீளக் கணக்கு நோட்டு கிடைத்தது. எல்லாம் மச்சான் கையெழுத்து. ‘மஸ்கட்டில் இருந்து வந்தது’ என்று தேதி போட்டுத் தொகை, அதற்குக் கீழே சிமெண்ட் 40 மூட்டை, மேஸ்திரி கூலி, தண்ணீர் லாரி என்று ஒவ்வொன்றும்.

சித்தூர் குமாஸ்தா:
அதை வைத்துத்தான் வழக்கே. இன்றைக்கே வக்கீலிடம் கொடுங்கள்.

ராணி:
தண்ணீர் லாரிக்கு யார் நின்று தண்ணீர் பிடித்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறதா தம்பி?