பழைய வண்டிக்கு சீட்டு, ரெக்சின், டோர் பேடு (கதவு உள்பக்கப் பலகை) தேடி அலைஞ்சவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க (ராம்நாடு பக்கம்)

உச்சிப்புளி டிலைட்
67 மாடல் ஃபியட் டிலைட். இஞ்சின், டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் முடிஞ்சிருச்சு, அந்தக் கதை இப்ப வேண்டாம். சீட்டுலதான் மனசு ஆறல. ராம்நாடுல ஒரு குஷன் கடையில முன் சீட்டு பின் சீட்டு ரெண்டையும் இறக்கி வச்சு, பழைய கவரைப் பாத்து அதே மாதிரி கோடு போட்டுத் தைங்கண்ணேன்னு ரெண்டு தடவை சொல்லிட்டு வந்தேன். அந்த டிலைட் கோடு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். மூணாம் நாள் போறேன், கடைக்குப் பின்னாடி கருவக்காட்டு ஓரமா கருப்பாப் புகை, ஒரு பையன் குச்சிய வச்சுக் கிண்டிக்கிட்டு நிக்கிறான். கிட்டப் போனா என் பின் சீட்டு கவரு. கடைசித் துண்டு, பைப்பிங் மட்டும் புழு மாதிரி சுருண்டு எரியுது. ரெக்சின் எரியிற நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு. உள்ள ஓடிப்போய்க் கேட்டா "அதான் அளவு எடுத்துட்டேன்லண்ணே"ங்கிறார். சுவத்துல சாக்பீஸ்ல "நாலு விரல்"னு எழுதி வச்சிருந்தார். அவ்வளவுதான் அளவு.

இப்ப புது சீட்டுல எட்டு கோடு இருக்கு. பழசுல எத்தனைன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அம்மா பதினொண்ணுங்கிறாங்க, தம்பி ஒம்பதுங்கிறான். வீட்ல இருக்கிற போட்டோ எல்லாத்துலயும் யாராவது ஒருத்தர் சீட்டை மறைச்சு உக்காந்திருக்காங்க.

தொண்டி அம்பாசிடர்
அண்ணே உங்களுக்காவது எரிச்சாங்க. நான் என் கண்ணாலயே ஏமாந்தேன். 69 மாடல் மார்க் 2, உள்ள சிவப்பு ரெக்சின். மதுரையில அந்தக் கலர் கிடைக்கலன்னு சென்னை ஜி.பி. ரோடு போனேன். பின் சீட்டு முதுகுக்குப் பின்னாடி வெயிலே படாத இடத்துல இருந்து ஒரு துண்டு வெட்டிக் கொண்டு போனேன், அதுவரைக்கும் புத்திசாலித்தனம்தான். கடைக்காரர் ஏழெட்டு ரோல இறக்கிப் போட்டார், ஒண்ணு அச்சு அசலா அதே சிவப்பு. 54 இஞ்ச் அகலம், பதினோரு மீட்டர் வெட்டி வாங்கிட்டு பஸ்ல மடியிலயே வச்சு வந்தேன். காலைல பத்து மணிக்கு வாசல்ல ரோல விரிக்கிறேன், ஆரஞ்சு! பழைய துண்ட மேல வச்சா தக்காளிப் பழத்து மேல ரத்தச் சொட்டு விழுந்த மாதிரி இருக்கு. திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு போய் டியூப்லைட் வெளிச்சத்துல வச்சேன், ரெண்டும் ஒண்ணு. வெளிய வந்தா வேற. இப்படியே நாலு தடவை உள்ளயும் வெளியயும் நடந்தேன், பக்கத்து வீட்டு அக்கா "என்னப்பா தொலைச்ச"ன்னு கேட்டாங்க. வெட்டுன ரெக்சினை எந்தக் கடையில திருப்பி எடுப்பாங்க. அதுதான் இப்ப வண்டியில இருக்கு. ராத்திரி ஓட்டுனா ஒரிஜினல்.

கீழக்கரை மைனர்
ரெடிமேட் கிட் வாங்கலாம்னு யாராச்சும் நினைச்சா முதல்ல என் கதையைக் கேட்டுட்டுப் போங்க. வாப்பாவோட மோரிஸ் மைனர் கார், நாலு டோரு. இங்கிலாந்துல இன்னமும் மைனருக்கு சீட்டு கவர், டோர் பேடு, கார்பெட் எல்லாம் புதுசா செஞ்சு விக்கிறாங்க, துபாய்ல இருக்கிற காக்கா (எங்க அண்ணன்) ஆர்டர் போட்டு வரவழைச்சார். டூட்டியெல்லாம் சேத்து ஒரு நல்ல பைக் விலை ஆயிருச்சு. பெட்டி வந்த அன்னிக்கு உம்மா ஹால்ல பாய் விரிச்சு, ஒவ்வொண்ணா எடுத்து அடுக்குனோம், வாசனையே வேற மாதிரி. முன் கதவு பேடு ரெண்டும் வந்துச்சு, சரி. அடுத்து ரெண்டு நீளப் பலகை, சக்கர வளைவு வெட்டுனது. உம்மா அதைத் தூக்கிப் பிடிச்சுட்டு "இது எந்தக் கதவுக்குடா?"ன்னு கேட்டாங்க. எந்தக் கதவுக்கும் இல்ல. அது ரெண்டு டோரு வண்டியோட பின்பக்கச் சுவர். முன் சீட்டு கவரும் அப்படியே, முன்னாடி மடங்குற சீட்டுக்குத் தைச்சது. காக்கா மாடல், வருஷம், கலர் எல்லாம் சரியாச் சொல்லிருக்கார், எத்தனை கதவுன்னு மட்டும் அவரும் சொல்லல, நானும் சொல்லல. திருப்பி அனுப்புற செலவுல இன்னொரு செட்டே வாங்கலாம். பலகை ரெண்டும் பரண்ல இருக்கு. உம்மா விருந்தாளி வந்தா இந்தக் கதையைச் சொல்லாம அனுப்புறதில்ல.

பரமக்குடி பழசு
உச்சிப்புளி தம்பி, தப்பு உங்க மேல. போட்டோ எடுக்காம எவனாவது சீட்டைக் கொடுப்பானா? நான் என் பத்மினி காரைக் குடுக்கும்போது நாப்பது போட்டோ எடுத்தேன், வேலை நல்லா வந்துச்சு, என் கதை அவ்வளவுதான். ஆனா எல்லாருக்கும் சொல்றேன், கேட்டுக்கங்க. கடைக்காரன் ஸ்பிரிங் மேல நேரா ஃபோம் வைப்பான், விடாதீங்க, நடுவுல சணல் சாக்கும் தேங்காநார் மெத்தையும் வேணும், இல்லாட்டி ஆறு மாசத்துல ஸ்பிரிங் ஃபோமைத் தின்னு கீழ மாவாக் கொட்டும். ஃபோம் 40 டென்சிட்டிக்குக் குறைஞ்சு வாங்காதீங்க. நூல் பருத்தி வேண்டாம், நைலானோ பாலியஸ்டரோ போடச் சொல்லுங்க, தையலை ரொம்ப நெருக்கி ஓட்டுனா ஓட்டை வரிசையா விழுந்து தபால்தலை கிழியிற மாதிரி கிழியும். டாப் லைனிங் (கூரை உள்பக்கத் துணி) மாத்துறதா இருந்தா கண்ணாடி ஓர ரப்பர் பீடிங்கையும் அப்பவே மாத்திருங்க, ரெண்டு தடவை கழட்ட வேண்டாம். முக்கியமா, ரெக்சினே வேண்டாம், லெதர் போடுங்க, ஆயுசுக்கும் வரும். இன்னொண்ணு, 50 வருஷம் தாண்டுன வண்டிக்கு விண்டேஜ் நம்பர், அதான் வி.ஏ. சீரிஸ், வாங்குறதா இருந்தா சீட்டு கவர் மாத்துனாலே ரிஜெக்ட் பண்ணிருவாங்க, ஜாக்கிரதை.

மண்டபம்காரன்
பரமக்குடி அண்ணே, ஃபோம், நூல் எல்லாம் சரி, விண்டேஜ் நம்பரும் லெதரும்தான் நீங்க சொன்ன மாதிரி இல்ல. 2021ல வந்த விதியில கை வைக்கக் கூடாதுன்னு சொல்றது சேசிஸ், பாடி, இஞ்சின். சீட்டு கவருக்கு யாரும் ரிஜெக்ட் பண்ண மாட்டாங்க. பதியிறதுக்கு 20,000, பத்து வருஷம் கழிச்சுப் புதுப்பிக்க 5,000. அதோட வி.ஏ. நம்பர் போட்டா தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு மட்டும்தான். அப்புறம் எதுக்கு அது, நான் என் வண்டியில மீன் வாங்கப் போறவன்.

லெதருக்கு வர்றேன். பரமக்குடியில போடலாம்ணே, உங்களுக்கு வைகை மணல்தான். இங்க வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல கதவைச் சாத்தி வச்சிருந்தாக்கூட ஸ்டியரிங் பிசுபிசுன்னு இருக்கும். நானும் ஆசைப்பட்டு முன் சீட்டுக்கு நல்ல லெதரா வாங்கித் தைச்சேன். ஐப்பசி மழையில வண்டிய மூடி வச்சுட்டுத் தங்கச்சி கல்யாணத்துக்கு மதுரை போயிட்டு இருபது நாள் கழிச்சு வந்து கதவைத் திறக்கிறேன், சீட்டு பூரா பச்சை முடி மொளைச்சிருக்கு. முடிதான்ணே, ஊதுனா அசையுது. தேங்காய் எண்ணெய் தடவிப் பாருன்னு ஒருத்தர் சொன்னார், தடவுனேன், அடுத்த வாரம் இன்னும் செழிப்பா வந்துச்சு. அதுக்குக் கீழ உப்பு இறங்கி ஸ்பிரிங் மூணு இடத்துல அத்துப் போயிருந்துச்சு. ஈரம் காயாது, உப்பு காய விடாது. ஸ்பிரிங்குக்கு பெயிண்ட் அடிக்காம யாரும் இந்தக் கரையில கவர் போடாதீங்க.

பரமக்குடி பழசு
வண்டிய மூடி வச்சது உங்க தப்பு. லெதர் மூச்சு விடணும்.

மண்டபம்காரன்
நாங்களே இங்க மூச்சு விட முடியாம இருக்கோம்ணே.

தேவிபட்டினத்துப் பொண்ணு
சண்டைக்கு நடுவுல வர்றேன், மன்னிச்சுக்கங்க. அப்பாவோட அம்பாசிடர், ஸ்டியரிங் பக்கத்துலயே கியர், முன்னாடி ஒரே நீள சீட்டு. இங்க குஷன் வேலை பாக்குற தாத்தா ஒருத்தர் இருக்கார், இப்ப ஆட்டோ ஹூடுதான் தைக்கிறார், கார் சீட்டு செஞ்சு வருஷமாச்சுன்னு சொல்லித் தட்டிக் கழிச்சார், நான் விடல. ரெக்சின் மட்டும் மதுரையில வாங்கிக் கொடுத்தேன், அதுல பெரிய கதை ஒண்ணும் இல்ல. சீட்டைத் தரையில போட்டு கவரைப் பிரிச்சவர், ஸ்பிரிங்கை உள்ளங்கையால அழுத்தி அழுத்திப் பாத்துட்டு, "உங்கப்பா வலது முழங்கைய ஜன்னல்ல வச்சு சாஞ்சு ஓட்டுவாரோ?"ன்னு கேட்டார். ஆமா, அப்படித்தான் ஓட்டுவாங்க. அவர் அப்பாவைப் பாத்ததே கிடையாது. கதவு ஓரம் நாலு ஸ்பிரிங் மட்டும் உக்காந்து போயிருந்துச்சு, அதை வச்சுச் சொன்னார். "நிமித்தவாம்மா, விட்டுரவா?"ன்னார். நான் யோசிக்கவே இல்ல, நிமித்திருங்க தாத்தான்னு சொல்லிட்டேன். காசு கொடுத்துச் செய்யிறோமே, கோணலா ஏன் இருக்கணும்னு.

அருமையா செஞ்சு கொடுத்தார். பலகை மாதிரி சமமா இருக்கு. நான் உக்காந்தா இப்ப வெளிய ரோடு வேற உயரத்துல தெரியுது. ஏன் நிமித்தச் சொன்னேன்னு இருக்கு.

தொண்டி அம்பாசிடர்
அக்கா, அந்தத் தாத்தா கடை பஸ் ஸ்டாண்ட் பக்கமா? என் ஆரஞ்சைக் கழட்டலாம்னு இருக்கேன்.

பரமக்குடி பழசு
ஸ்பிரிங் உக்காந்தா நிமித்துறதுதான் முறை. வருத்தப்பட ஒண்ணும் இல்ல. அடுத்த தடவை அந்த நாலை மட்டும் கழட்டி எடுத்து வச்சிருங்க.

சாயல்குடி
ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன். உச்சிப்புளி அண்ணே, எங்க தோட்டத்துல ஒரு டிலைட் பின் சீட்டு கோழிக்கூண்டுக்கு மேல கிடக்கு, சித்தப்பா வண்டி, 66ன்னு நினைக்கிறேன். கவர் அப்படியே இருக்கு. விடிஞ்சதும் எண்ணிச் சொல்றேன்.

உச்சிப்புளி டிலைட்
தம்பி, இப்பவே டார்ச் அடிச்சு எண்ண முடியாதா?

சாயல்குடி
கோழி அடைஞ்சிருச்சுண்ணே.

சாயல்குடி
எண்ணிட்டேன். பத்து. ஆனா வலது ஓரம் ஒரு ஜாண் எலி தின்னிருக்கு, அதுல ஒண்ணு இருந்திருக்கலாம்.

உச்சிப்புளி டிலைட்
அம்மாகிட்ட சொன்னேன். "அதான் பதினொண்ணுன்னேன்ல"ங்கிறாங்க. தம்பி, அந்த சீட்டை யாரையும் தொட விடாதீங்க, ஞாயித்துக்கிழமை டேப்போட வர்றேன்.