1971 போருக்குச் சென்ற பெரியப்பாவின் நினைவுக்கல்லில் என்ன பொறிக்கலாம்?

கேள்வி (பேரையூர் வட்டத்திலிருந்து):
எங்கள் பெரியப்பா சென்ற வாரம் காலமானார். மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி 1971 போருக்குச் சென்று திரும்பியவர். ஆனால் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை, தம் டிரங்குப் பெட்டியை யாரையும் தொடவிட்டதுமில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று ஊர் மந்தையில் கல் நாட்ட உறவினர்கள் விரும்புகிறார்கள். "வங்கதேச விடுதலைப் போர்த் தியாகி" என்று பொறிப்பது பொருந்துமா? மேலும், இறுதி ஊர்வலத்தில் இளைஞர்கள் உடல்மீது தேசியக் கொடியைப் போர்த்தினார்கள். எரியூட்டுவதற்கு முன் நான் அதை எடுத்துவிட்டதில் சிலருக்கு வருத்தம்.

பதில் (ஓய்வுபெற்ற ஹவில்தார், திருமங்கலம்):
ஆழ்ந்த இரங்கல், தம்பி. கொடியை எடுத்தது சரிதான். அரசு மரியாதையுடனோ ராணுவ, துணை ராணுவ மரியாதையுடனோ நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டுமே கொடியைப் போர்த்தலாம். அங்கும் அதைச் சிதையில் எரிக்கவோ குழியில் இறக்கவோ கூடாது. "தியாகி" என்றால் நம் பக்கத்தில் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறை சென்றவர் என்றே எண்ணுவார்கள். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கங்கள் குறிக்கப்பட்டிருக்கும். பூர்வி ஸ்டார் என்றிருந்தால் கிழக்கு முனை, பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை. சங்க்ராம் மெடல் மட்டும் இருந்தால் அதை வைத்து முனையைச் சொல்ல முடியாது. புத்தகம் கிடைக்காவிட்டால் வெலிங்டனிலுள்ள ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

பதில் (ஆசிரியை, ஆண்டிபட்டி):
எங்கள் வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி (பழந்தமிழ்) எழுத்து நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில், மாண்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. யார், எந்த ஊர், எந்தப் பூசல் என்பதோடு கல் நின்றுவிடுகிறது. வீரன், சிங்கம் என்ற அடைமொழி ஒன்றுகூட இல்லை. மதுரைச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிப் பழகிய நமக்கு அத்தனை சிக்கனம் கடினம்தான், என்றாலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அவன் பெயரை வாசிக்க முடிகிறது.

கேட்டவர்:
நேற்றுப் பெட்டியைத் திறந்தோம். புத்தகத்தில் பஷ்சிமி ஸ்டார் என்றே இருக்கிறது. அப்படியானால் அவர் வங்கதேச மண்ணை மிதிக்கவே இல்லையா? வங்கதேசப் போர் என்றே இத்தனை ஆண்டுகள் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பதில் (ஓய்வுபெற்ற ஹவில்தார், திருமங்கலம்):
கூச்சம் எதற்கு? டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் குண்டு வீசியதே மேற்கிலுள்ள நம் விமானத் தளங்களில்தான். அங்கே எல்லையைத் தாங்கி நின்றவர்கள் இருந்ததால்தான் கிழக்கே நம் படை முக்தி வாகினி என்ற வங்கதேச விடுதலைப் படையோடு டாக்காவை நோக்கிப் போக முடிந்தது. 16-ஆம் தேதி அங்கே சரணடைவு கையெழுத்தானது; மேற்கில் துப்பாக்கிகள் ஓய்ந்தது மறுநாள் இரவு 8 மணிக்கு. ஆகவே "1971 போர், மேற்கு முனை" என்றே பொறியுங்கள், அதில் குறைவொன்றுமில்லை. கல் வேலைக்கிடையே பெரியம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தை மறந்துவிட வேண்டாம். இறப்புச் சான்றிதழோடு மதுரையிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள், வழிகாட்டுவார்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. பெயர், ஊர், படைப்பிரிவு, 1971, மேற்கு முனை என்று முடிவு செய்துவிட்டோம். படை எண்ணையும் சேர்க்கச் சொல்கிறார் பெரியம்மா. கல்யாணமான புதிதில் கடித உறைமேல் எழுதி எழுதி அவருக்கு அது மனப்பாடமாம்.